தராசு காட்டியதைத்தான் சொன்னேன்

பொது நிர்வாக அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், பொதுச் சேவை ஆணைக்குழுவின் தலைவர், உறுப்பினர்களுக்கும்,

நுவரெலியா மாவட்டத்தில் பத்தொன்பது வருடங்களாகக் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து வருகிறேன். தோட்டத்துச் சனங்களுக்கு நான் ‘மிட்வைப் மிஸ்’. தோட்டத்துப் பிள்ளைகள் மெலிகிறார்கள், அரசாங்கம் கொடுக்கும் திரிபோஷச் சத்துமாவு வரவில்லை என்று 2023 பெப்ரவரியில் முகநூலில் எழுதிய ஒன்பது வரிக்காக என்னிடம் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. அந்த வருடச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. பிறகு அறுபது கிலோமீற்றர் தள்ளி இடமாற்றம். அந்த ஒன்பது வரியில் எந்த வரி பொய் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. எழுத்தில் கேட்டும் சொல்லவில்லை.

என் பெயர், பதவி இலக்கம், கடிதங்களின் பிரதிகள் எல்லாம் உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிரதியோடு இருக்கின்றன. இங்கே பெயரைப் போடாதது பயத்தால் அல்ல. என் பெயர் தெரிந்தால் எந்தத் தோட்டம் என்று தெரிந்துவிடும். தோட்டம் தெரிந்தால் எந்த லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்), எந்த வீட்டுப் பிள்ளை என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். அது நடக்கக்கூடாது.

தோட்டத்தில் பிள்ளை நிறுக்கிற நாள் எப்படிப் போகும் என்று முதலில் சொல்கிறேன். உங்கள் மேசைக்கு வரும்போது அது ஓர் அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும்தான்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தின் கூரை வளையில் கயிறு போட்டுத் தராசைத் தொங்கவிடுவேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். தாய் மலைக்குத் திரும்பப் பிந்தினால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அந்தக் குளிரில் பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, கால்சட்டை மாதிரித் தைத்த துணிக்குள் விட்டுத் தூக்கிக் கொழுவுவேன். பிள்ளை கத்தும், காலை உதைக்கும், முள் ஆடும். முள் நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எழுதினால் அரைக் கிலோ கூடும் அல்லது குறையும். அரைக் கிலோ என்பது இங்கே ஒரு பிள்ளையின் நிறத்தையே மாற்றிவிடும். வளர்ச்சி அட்டையில் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று பட்டைகள் இருக்கின்றன. எந்தப் பட்டையில் புள்ளி விழுகிறது என்பதற்காகத்தான் அந்தப் பொறுமை.

அந்த பெப்ரவரியில் ஒரு பெண் பிள்ளை வந்தது. 22 மாதம். முள் 8 கிலோ 100 கிராமில் நின்றது. டிசம்பரிலும் அதே 8.1. ஜனவரியிலும் அதே. மூன்று புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போட்டால் கோடு படுத்துக் கிடக்கிறது. அட்டையில் அச்சடித்த வளைகோடுகளோ மேலே ஏறிப் போகின்றன. அப்படியென்றால் செம்மஞ்சளில் இருக்கிற பிள்ளை, நிறை குறையாமலே மாதத்துக்கு மாதம் சிவப்பை நெருங்குகிறது என்று பொருள். தாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நிறம் தெரியும். “மிஸ், போன மாசம் வச்ச எடத்துலயேதானே வச்சிருக்கீங்க? எறங்கலதானே?” என்று கேட்டாள். இறங்கவில்லை என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த முகத்தோடு வீட்டுக்கு வந்துதான் அன்றிரவு எழுதினேன்.

எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: இந்த மாதம் என் பிரிவில் ஒரு நிலையத்தில் 58 பிள்ளைகளை நிறுத்தேன். 17 பேர் செம்மஞ்சளில், 3 பேர் சிவப்பில். மூன்று மாதமாகத் திரிபோஷ வரவில்லை. 400 கிராம் பால்மா பக்கெட் 1,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, ஒரு பேரின், அதாவது ஒரு நாள் வேலையின், சம்பளமே 1,000 ரூபாய்தான். பொறுப்பானவர்கள் கவனிக்க வேண்டும். தோட்டத்தின் பெயரில்லை, படமில்லை, ஒரு அதிகாரியின் பெயருமில்லை. அரசாங்கத்தைத் திட்டி ஒரு சொல்லுமில்லை.

முகநூலுக்குப் போகுமுன் நான் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போனேன். மாதாந்த அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் அதே இலக்கங்களை எழுதிக் கொடுத்தேன். மாதாந்தக் கூட்டத்தில் இரண்டு தடவை எழுந்து நின்று சொன்னேன். மேற்பார்வை உத்தியோகத்தர் ஊடாக மூன்று கடிதம் கொடுத்தேன். மூன்றிலும் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் இருக்கிறது. பதில் ஒன்றுக்கும் வரவில்லை. நாடு முழுக்கத் தட்டுப்பாடு, அதனால் திரிபோஷ இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் அந்த வரியைத் தாய்மாரிடம் காட்டியிருப்பேன். 2022 நெருக்கடியில் திரிபோஷ உற்பத்தி தடைப்பட்டது எல்லாருக்கும் தெரியும். 1973 முதல் இந்த நாடு தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவரும் மாவு அது. நிறை குறைந்த பிள்ளைக்கு மாதத்துக்கு 750 கிராம் பக்கெட் இரண்டு. அது வராதபோது ஏன் வரவில்லை, எப்போது வரும் என்று தாய்மாருக்குச் சொல்லவேண்டியவள் நான். சொல்வதற்கு என் கையில் எதையும் தரவில்லை.

பதிவு பரவிய மூன்றாம் நாள் தோட்ட நிர்வாகத்தில் இருந்து யாரோ எங்கள் பணிமனைக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அதைக் கையில் தந்த டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர். கூட்டத்தில் நான் சொன்னபோது தலையாட்டியவர், தன் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டவர். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் மேலே ஒருவர். “ஏன் மிஸ் இதையெல்லாம் எழுதப் போனீங்க?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். இந்தப் பயத்தை உண்டாக்கியது ஒரு விதி. அந்த விதி உங்கள் கையில் இருப்பதால்தான் மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அரச உத்தியோகத்தருக்கான விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி, 47ஆம் அத்தியாயம், 6ஆம் பிரிவு. என் கடிதத்தில் காட்டியிருந்த பிரிவுகளில் அதுவும் ஒன்று. விதிக்கோவையைத் தேடி எடுத்து வாசித்தேன். ஊடகங்களுக்கும் பொதுமக்களுக்கும் தகவல் கொடுப்பதைப் பற்றியது அது. வெறும் உண்மை விபரமாகவே இருந்தாலும், அது வெளிவந்தால் அரசாங்கத்துக்கோ ஒரு திணைக்களத்துக்கோ ஓர் உத்தியோகத்தருக்கோ சங்கடம் வரும் என்றால் அதைக் கொடுக்கக்கூடாது என்கிறது. உண்மையாகவே இருந்தாலும் கூடாது. இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பொய் சொன்னால் தண்டியுங்கள், நானே தலைகுனிந்து ஏற்றுக்கொள்வேன். இந்த விதி கேட்பது நான் சொன்னது உண்மையா பொய்யா என்பதை அல்ல. யாருக்குச் சங்கடம் என்பதை மட்டும்தான் கேட்கிறது. ஒரு பிள்ளை மெலிவதை ஒரு திணைக்களத்தின் சங்கடத்தோடு ஒரே தராசில் வைத்து, திணைக்களத்தின் பக்கம்தான் கனம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த விதி இது.

2022 செப்டெம்பரில் உங்கள் அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை இதைச் சமூக ஊடகங்களுக்கும் நீட்டியது. விதிக்கோவைக்கு மாறாக அங்கே கருத்துச் சொல்லும் அரச உத்தியோகத்தர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை என்றது. அதே காலத்தில்தான் தெற்கே சூரியவெவப் பக்கத்துப் பிள்ளைகளின் மந்தபோசணையைப் பற்றிப் பேசிய அரச வைத்தியர் ஒருவர் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார். அந்தச் செய்தி எங்கள் பணிமனையில் கையிலிருந்து கைக்குப் போனது. அதற்குப் பிறகு எங்கள் வட்ஸ்அப் குழுவில் தராசு, திரிபோஷ என்ற சொற்களே காணாமல் போயின. பிறந்தநாள் வாழ்த்தும் லீவு விபரமும் மட்டும்தான் வந்தன. சிங்களச் சகோதரிகளும் தமிழ்ச் சகோதரிகளும் ஒரே மாதிரித்தான் வாயை மூடிக்கொண்டோம்.

ஐயா, அம்மா, நான் சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தமிழிலும் அச்சாகி இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும். பேச்சு, கருத்து வெளிப்பாடு, வெளியிடுதல் ஆகிய சுதந்திரம் ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு என்கிறது. அரசாங்க உத்தியோகத்தர் நீங்கலாக என்று அதில் இல்லை. அந்தச் சுதந்திரத்தை எதற்காக மட்டுப்படுத்தலாம் என்பதை 15ஆம் உறுப்புரை எண்ணிச் சொல்கிறது. இன, மத நல்லிணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, மானநட்டம், குற்றத்துக்குத் தூண்டுதல்; பின்னர் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் போன்றவை. அவையும் சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும். ஒரு திணைக்களத்தின் சங்கடம் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. பொதுச் சுகாதாரம் இருக்கிறது. நான் எழுதியதும் பொதுச் சுகாதாரத்துக்காகத்தான். அரசாங்கத்துக்கு எதிராகச் சத்தமெழுப்பிய ஜனகோஷப் போராட்டம் பற்றிய வழக்கில், 1993இலேயே, அரசாங்கத்தையும் அதன் கொள்கைகளையும் ஆதரிப்பதும் விமர்சிப்பதும் ஜனநாயக வாழ்வுக்கு அடிப்படை என்று நம் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி கேட்டால் கொடுக்கக்கூடிய தகவலை வெளியிட்ட உத்தியோகத்தரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. தன் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் சிவப்பில் இருக்கிறார்கள் என்று ஒரு தாய் விண்ணப்பம் போட்டுக் கேட்டால் அந்த எண்ணிக்கையைக் கொடுக்கத்தானே வேண்டும்? அவள் கேட்கும் முன் நான் சொன்னேன்.

இலஞ்சம் வாங்கியவரைக் காட்டிக்கொடுத்தால் 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் எனக்குப் பாதுகாப்புத் தரும். மாவு வரவில்லை, பிள்ளை மெலிகிறது என்று சொன்னபோது நடைமுறையில் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. இந்த இடைவெளியை நீங்கள் பார்க்க வேண்டும்.

தோட்டப்புறத்துப் பிள்ளைகள் குட்டையாகவும் மெலிவாகவும் இருப்பது ஏதோ நான் கண்டுபிடித்த இரகசியம் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள் நாடளாவ 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம் என்று அரசாங்கமே அச்சிட்டது. அந்த வீதம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும்தான். ஆயிரக்கணக்கில் கூட்டி வீதமாக்கினால் பேசலாம், என் கண்முன் இருக்கும் இருபது பிள்ளைகளாகச் சொன்னால் குற்றம் என்றால், அந்த இருபது பேருக்காக யார்தான் வருவார்?

ஒரு விஷயத்தில் நான் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அரசாங்க உத்தியோகத்தர் வாயைக் கட்ட வேண்டிய இடங்கள் உண்டு. என் வேலையில் அது மற்றெல்லாரையும் விட அதிகம். எந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறாள், எந்த வீட்டில் அடி விழுகிறது, எந்தப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். புருஷன் வந்து கேட்டாலும், மாமியார் வந்து கேட்டாலும், தலைவர் வந்து கேட்டாலும் சொன்னதில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று ஒரு புகார் கிடையாது. அது சனங்களின் இரகசியம். என்னை நம்பி ஒப்படைத்தது, என்னோடு மண்ணுக்குள் போகும். திரிபோஷ வரவில்லை என்பது யாருடைய இரகசியம்? புதிய தராசு கேட்டும் வரவில்லை என்பது யார் என்னிடம் ஒப்படைத்த இரகசியம்? விதிக்கோவை இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. பிரித்துப் பார்க்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

எனக்கு வந்த கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. 1999இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. நான் இரண்டாம் மொழிப் பரீட்சை எழுதித் தேறியவள். சிங்களத் தாய்மாருக்குச் சிங்களத்தில்தான் கிளினிக் நடத்துகிறேன். ஆனாலும் “தகாத நடத்தை”, “நம்பிக்கைத் துரோகம்” என்ற மாதிரிச் சொற்கள் வரும் ஒரு கடிதத்தை, என் வேலையே தங்கியிருக்கிற ஒரு கடிதத்தை, எழுத்துக்கூட்டி வாசித்து ஊகித்துப் பதில் எழுத எனக்குத் துணிவில்லை. ஊரில் சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவருடைய சாப்பாட்டு மேசையில் அவருடைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, என்மீதான குற்றச்சாட்டை அவர் ஒவ்வொரு வரியாக எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அன்றைய வெட்கத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. தமிழில் பதில் எழுதிக் கொடுத்தேன். சிங்களத்தில் தரும்படி திருப்பி அனுப்பினார்கள். மொழிபெயர்ப்புக்குக் கண்டிக்குப் போய் வர, நாட்கள் ஓடின. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்டபோது அந்த மாதம் முடிந்திருந்தது.

அதன்பின் எதிர்பார்த்தது குற்றப்பத்திரிகை. குற்றப்பத்திரிகை வந்தால் முறையான விசாரணை நடக்கும், எனக்காகப் பேச ஒரு காப்பு உத்தியோகத்தரை வைத்துக்கொள்ளலாம், என் மாதாந்த அறிக்கைகளையும் மூன்று கடிதங்களையும் மேசையில் வைக்கலாம். அதற்காகக் காத்திருந்தேன். குற்றப்பத்திரிகை வரவேயில்லை. ‘சேவையின் தேவை கருதி’ என்ற மூன்று சொல்லோடு இடமாற்றம் வந்தது. விசாரித்துத் தண்டித்தால் நான் மேன்முறையீடு செய்யலாம். தண்டனை என்றே சொல்லாமல் தண்டிக்கும்போது எங்கே போய் முறையிடுவது?

இப்போது விடியப்புறம் நாலரைக்கு எழும்பி இரண்டு பஸ் மாறிப் போகிறேன். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. அதைச் சொல்லி அனுதாபம் கேட்கவில்லை. உத்தியோகத்தர் என்றால் எங்கும் போகத்தான் வேண்டும். என் மனதை அறுப்பது நான் விட்டுவந்த பிரிவு. 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது கணக்கு. நான் அங்கே 5,000 பேருக்கு மேல் பார்த்தேன். எனக்குப் பதிலாக ஒருவர் நியமிக்கப்படவில்லை. பக்கத்துப் பிரிவு மிஸ் தன் வேலையோடு அதையும் சேர்த்துப் பார்க்கிறார். நான் போன பிறகு இரண்டு மாதம் அந்தப் பிள்ளைமடுவத்தில் தராசு தொங்கவில்லை என்று தாய்மார் சொன்னார்கள். 8.1இல் நின்ற பிள்ளையின் நாலாவது புள்ளியை நான் வைக்கவில்லை. வேறு யாராவது வைத்தார்களா என்றும் தெரியாது.

மலையகத்து உத்தியோகத்தர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அதற்கான காரணத்தை நீங்களும் அறிய வேண்டும். 1948இல் எங்கள் பாட்டன் பூட்டன்மாரின் பிரசாவுரிமையைப் பறித்தார்கள். பிரசாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. எஞ்சியிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. என் தாத்தா நாடற்றவராகவே செத்துப்போனார். லயத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போன முதல் தலைமுறை நாங்கள். எனக்கு நியமனக் கடிதம் வந்த அன்று அப்பா அதை மாரியம்மன் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தார். அந்தக் கடிதத்தோடு ஒரு குடும்பத்துக் கடன், தங்கச்சியின் படிப்பு, லயத்தைவிட்டு வெளியேறும் ஆசை எல்லாம் கட்டியிருந்தன. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேரை ஒரே வீச்சில் வேலைநீக்கியதை எங்கள் மூத்த உத்தியோகத்தர்கள் இன்னும் சொல்லிச் சொல்லித்தான் எங்களை அடக்குகிறார்கள். கடிதத்தை இழக்கப் பயந்து நாங்கள் பேசாமல் இருந்தால், எங்களைப் படிக்கவைத்து அனுப்பிய லயத்துக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, அலுவலகத்துக்குள்ளும் உட்காரக்கூடியவர்கள் நாங்கள்தானே.

பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மலை எங்களுக்கு ஒருமுறை காட்டியது. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம், 2014 ஒக்டோபர் 29, காலை. மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, சனங்களை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோவைகளில் இருந்தது. சனங்கள் லயத்தில் இருந்தார்கள். அந்தக் கோவைகள் எத்தனை உத்தியோகத்தர் கைகளைத் தாண்டிப் போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். அவர்களில் ஒருவராவது ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்று சத்தம்போட்டுச் சொல்லியிருந்தால், அவருக்கும் எனக்கு வந்தது மாதிரி ஒரு கடிதம் வந்திருக்குமோ?

ஆகையால் உங்களிடம் கேட்பது இவை.

விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்தில், உண்மை விபரமாக இருந்தாலும் சங்கடம் தரும் என்றால் வெளியிடக்கூடாது என்ற வாசகத்தை நீக்குங்கள். தனிநபர் அந்தரங்கம், நோயாளர் விபரம், தேசிய பாதுகாப்பு, நடந்துகொண்டிருக்கும் விசாரணைகள் ஆகியவற்றைக் காக்கும் விதியை வேண்டுமானால் இன்னும் இறுக்கி எழுதுங்கள்; முதல் ஆளாக நான் கைகொடுப்பேன். 2022 செப்டெம்பர் சுற்றறிக்கைக்கு மாற்றாக, பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு உண்மை சொன்ன உத்தியோகத்தர்மீது நடவடிக்கை இல்லை என்று தெளிவாகச் சொல்லும் ஒரு சுற்றறிக்கையை மூன்று மொழியிலும் வெளியிடுங்கள்.

சமூக ஊடகத்தில் எழுதியதற்காகவோ ஊடகத்திடம் பேசியதற்காகவோ விளக்கம் கோரப்பட்ட ஓர் உத்தியோகத்தரை, குற்றப்பத்திரிகையும் விசாரணையும் முடியும் முன் இடமாற்றுவதையும் சம்பள ஏற்றத்தை நிறுத்துவதையும் தடைசெய்யுங்கள். உண்மையிலேயே சேவைத் தேவை இருந்தால் அது என்ன தேவை என்று கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். விளக்கம் கோரலும் குற்றப்பத்திரிகையும் உத்தியோகத்தர் கேட்கும் அரச கரும மொழியில் கொடுக்கப்பட வேண்டும், அந்த மொழியிலேயே பதிலை ஏற்க வேண்டும், அந்த மொழியில் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் தவணை எண்ணப்பட வேண்டும்.

சுகாதார அதிகாரிகளோடு பேசி, ஒவ்வொரு நிறுவை நிலையத்திலும் அந்த மாதம் நிறுத்த பிள்ளைகள் எத்தனை, செம்மஞ்சளில் எத்தனை, சிவப்பில் எத்தனை, திரிபோஷ வந்ததா இல்லையா என்பதைப் பெயரில்லாமல் சுவரில் எழுதிவைக்கும் நடைமுறையைக் கொண்டுவாருங்கள். சுவரில் இருந்தால் ஒரு மிட்வைப் முகநூலில் எழுத வேண்டிய தேவையே வராது. ஒரு சோக்குக்கட்டி போதும்.

என் விடயத்தில், நிறுத்திய சம்பள ஏற்றத்தைத் திருப்பித் தாருங்கள். அல்லது குற்றப்பத்திரிகையைத் தாருங்கள், வந்து பதில் சொல்கிறேன். இடமாற்றத்தை மீளாய்வு செய்யுங்கள். நான் திரும்பிப் போகாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிரிவுக்குத் தமிழ் தெரிந்த ஒரு குடும்பநல உத்தியோகத்தரை நிரந்தரமாக நியமிக்க ஏற்பாடு செய்யுங்கள். முதலில் இதைச் செய்யுங்கள், மற்றவற்றுக்கு நான் காத்திருப்பேன்.

இந்த மடல் கிடைத்து முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் தமிழில் வேண்டும்.

இப்படிக்கு,
குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.